ஐந்தாம் மலையில் சிறுத்தை இல்லை

காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கூடைகளோடு ஐந்தாம் மலைக்கு ஏறியபோது, பாறை மேல் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. அங்கே சிறுத்தை இல்லை என்பதற்கான சான்று கங்காணி அழகுமுத்துவின் சட்டைப் பையில் இருந்தது.

"தம்பி, அங்க பாருங்க" என்றாள் வேலாயி.

"பார்த்தேன்க்கா."

"என்னது அது?"

அழகுமுத்து போனைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். மறுபடி போனை எடுத்து, ஐந்து என்ற எண்ணைத் தட்டினார். கண் இமைக்கும் முன் பதில் வந்தது: 'ஐந்தாம் மலை. சிறுத்தை இல்லை. நன்றி.'

"இல்லைன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப கொட்டாவி விடுறது யாரு?"

அழகுமுத்து போனைப் பையில் போட்டுக்கொண்டார். கொட்டகலைக்கு மேலே இருக்கும் சவுக்குமலைத் தோட்டத்தில் அவரைப் போல் சாதுவான கங்காணி கிடையாது. தோட்டத்தை நடத்தும் தொரை சொன்னால் சரி என்பார், சங்கத் தலைவர் சொன்னாலும் சரி என்பார். இரண்டு பேரும் எதிரெதிராகச் சொன்னால் காய்ச்சல் என்று லயத்து வீட்டில் படுத்துக்கொள்வார். ஆனால் ஒரு பக்கம் போனும் மறு பக்கம் சிறுத்தையும் நிற்கும்போது எந்த நோயைச் சொல்லிப் படுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சான்றை வழங்கியது நுவரெலியாவில் இருக்கும் மலைநாட்டுச் சிறுத்தை உடனறிவிப்பு அதிகாரசபை. முன்பெல்லாம் தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம் என்றால் அதிகாரசபையின் ஒரே நிபுணரான ராயப்பன் ஜீப்பில் வருவார். காலடித் தடம் பார்ப்பார், எச்சத்தைக் குச்சியால் கிளறுவார், தொரை பங்களாவில் சாப்பிடுவார், அதற்குப் பிறகு 'இருக்கு' என்றோ 'இல்லை' என்றோ சொல்வார். பதில் வருவதற்குள் சிறுத்தை பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருக்கும். இந்தத் தாமதத்தை ஒழிக்கத்தான் போனில் தட்டினால் பதில் சொல்லும் செயலியைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மலைக்கும் ஓர் எண். பெண்களை மலைக்குள் விடுவதற்கு முன் கங்காணி எண்ணைத் தட்டிக் கேட்க வேண்டும். செயலி 'இல்லை' என்று சொன்ன மலைக்குப் போக மறுப்பவர்களுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது சம்பளம் கிடையாது என்று தொரை ஒபிஸ் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்.

ஆகவே பெண்கள் போனார்கள். பாறைக்குத் தூரமாக, கூட்டமாக, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு கொழுந்து பறித்தார்கள். சில நாட்களில் பாட்டு சிறுத்தைக்குப் பழகிவிட்டது. ஒருநாள் வேலாயி தேயிலைச் செடிகளுக்கிடையில் குனிந்து நிமிர்ந்தபோது அது அவளுடைய தலைக்கு மேலாகப் பாய்ந்து மறுபக்கம் போனது. கூடை ஓடைவரை உருண்டது. வேலாயியின் முழங்கால் கிழிந்தது. தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து போட்டார்கள், ஆனால் காயத்துக்குக் காரணம் சிறுத்தை என்று எழுத மறுத்துவிட்டார்கள். ஒபிஸுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டு, 'தன் விருப்பத்தின் பேரில் விழுந்தார்' என்று எழுதினார்கள்.

அன்று மாலை வேலாயி நொண்டிக்கொண்டே அழகுமுத்துவின் வாசலுக்கு வந்தாள். பின்னால் மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள்.

"தம்பி, நாளைக்கு நாங்க ஒருத்தரும் அஞ்சாம் மலைக்கு வரமாட்டோம். பேர் விழலைன்னா பட்டினி கெடக்கிறோம். நீங்க அந்த போன்காரங்ககிட்ட போய், புலி இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. இல்லைன்னா புலிகிட்ட போய், நீ இல்லைன்னு சொல்லிட்டு வாங்க. ரெண்டுல ஒன்னு செய்ங்க."

அழகுமுத்துவுக்கு இரண்டில் போன்காரர்கள்தான் பரவாயில்லை என்று தோன்றியது. அதிகாரசபையின் அவசர இலக்கத்துக்கு எடுத்தார்.

"எங்க மலையில புலி இருக்குங்க."

"புலி என்றால் பாதுகாப்புப் பிரிவுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்கட்டுமா?" என்றது ஒரு பெண் குரல்.

"ஐயோ வேணாங்க! சிறுத்தைங்க. சிறுத்தை மட்டுந்தாங்க."

"எந்த மலை?"

"அஞ்சுங்க."

"ஐந்தாம் மலையில் சிறுத்தை இல்லை."

"கண்ணால பார்த்தேங்களே."

"பார்த்து முடிவு செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது?"

"கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தேங்க."

"எங்கள் செயலிக்கு அந்த நேரம் தேவைப்படவில்லை. வேறு ஏதாவது உதவி?"

மறுநாள் பெண்கள் சொன்னபடியே வரவில்லை. பேர் விழவில்லை. அழகுமுத்து பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனார்.

அதிகாரசபையின் வாசலில் நின்ற காவலாளி, அவர் வாய் திறக்கும் முன்பே, "இடது பக்கம், கடைசிக் கதவு" என்றார். அழகுமுத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். அது கழிப்பறை. திரும்பி வந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் காவலாளி.

"நான் அதுக்கு வரலைங்க. சிறுத்தை விஷயமா வந்தேன்."

"இடது பக்கம், கடைசிக் கதவு" என்றார் காவலாளி மறுபடியும். பிறகு இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்க. ஒருத்தருக்கு சொன்ன பதிலையே எல்லாருக்கும் சொல்லணும்னு பணிப்பாளர் உத்தரவு. செயலி அப்படித்தானாமே வேகமா வேலை செய்யுது. அதோட திறப்பு விழாவுக்கு முதல்ல வந்த விருந்தாளி கழிப்பறைதான் கேட்டாரு. அன்னையிலருந்து இந்த வாசல்ல கூட்டமே நிக்கிறதில்ல."

கன்டீனிலும் அப்படித்தான். விழா அன்று முதலில் வந்தவருக்கு நீரிழிவு. அதனால் அந்த ஒபிஸில் அன்றுமுதல் எல்லாரும் சீனியில்லாத பிளேன்டீ குடித்தார்கள். முதலுதவி அறையில் தலைவலிக்குப் போனாலும் கால் சுளுக்குக்குப் போனாலும் பல்வலி மாத்திரை கொடுத்தார்கள்.

அழகுமுத்து மறுபடி கழிப்பறைப் பக்கம் போனார். வெளியாட்கள் அலுவலர்களைச் சந்திக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். அங்கேதான் தக்ஷிகாவைக் கண்டார். கொட்டகலைப் பெண், அந்தச் செயலியை எழுதியவள். ஐந்தாம் மலை என்றதுமே அவளுடைய முகம் மாறிவிட்டது.

"யாருக்கும் ஒன்னும் ஆகலையே அண்ணே?"

"முழங்காலோட போச்சும்மா. அடுத்த தடவ எப்படியோ தெரியாது. அந்த போன் ஏம்மா இப்படிச் சொல்லுது?"

தக்ஷிகா சுவரில் சாய்ந்துகொண்டாள். "புரோகிராம்ல ஒவ்வொரு மலையையும் ஒரு ஆளு மாதிரி எழுதி வச்சிருக்கேன். அஞ்சாம் மலைகிட்ட 'உங்கிட்ட சிறுத்தை இருக்கா'ன்னு கேட்டா, அது ராயப்பன் சாருக்கு போன் போடும். அவர் ஜீப் எடுத்துக்கிட்டுப் போய், ஏறி எறங்கிப் பார்த்துச் சொல்லணும். செலவான வேலை, நேரமும் ஆகும். அதனால ஒரு தடவ பதில் வந்துட்டா, அந்த மலை அதைத் தன்னோட மடியில முடிஞ்சு வச்சுக்கும். அடுத்து யார் கேட்டாலும் ராயப்பன் சாரைக் கூப்பிடாது. முடிச்ச அவுத்துக் காட்டிரும். இதுக்கு கேஷ்னு பேரு."

"காசுங்களா?"

"காசில்லண்ணே. ஞாபகம்."

"நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு."

"நல்ல ஏற்பாடுதான். தினம் விடிகாலையில பழைய முடிச்சையெல்லாம் கொட்டிட்டுப் புதுசா கேட்கணும்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அதனால விடிஞ்சதும் முதல் பதில் மட்டும் தாமதமாத்தான் வரும். அந்தத் தாமதம் கூடாதுன்னு பணிப்பாளர் அந்த வரிய எடுக்கச் சொல்லிட்டாரு. இப்ப அந்த மலைங்களைக் கடைசியா பார்த்தது திறப்பு விழா அன்னைக்கு. ராயப்பன் சாரை மாலை போட்டு, தப்படிச்சு, பட்டாசு கொளுத்தி ஒவ்வொரு மலையா ஊர்வலம் கூட்டிட்டுப் போனாங்க. அந்தச் சத்தத்துக்கு லயத்து நாய்கூட நிக்கல, சிறுத்தை எங்க நிக்கும்? எல்லா மலைக்கும் 'இல்லை'ன்னு விழுந்திருச்சு."

"அப்ப அந்த ஞாபகத்தை அழிச்சிடும்மா."

"பதில் அழிப்புக் குழு அனுமதி தரணும்ணே. தப்பான பதிலை மட்டுந்தான் அழிக்கலாம். தப்பா இல்லையான்னு செயலியக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க."

அவள் தன் வேலை போனாலும் போகட்டும் என்று அவரைப் பணிப்பாளர் சுந்தரலிங்கத்தின் அறைக்கே கூட்டிக்கொண்டு போனாள். பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்தவர். எதிரே ஒருவர் இருந்தாலும் மேடையில் நிற்பதுபோலத்தான் பேசுவார்.

"தம்பி, மறதி என்பது தனிமனிதனுடைய பலவீனம்" என்றார், அழகுமுத்து சொன்னதை முழுக்கக் கேட்காமலே. "ஓர் அதிகாரசபை மறக்கலாமா? நேற்று இல்லை என்று சொல்லிவிட்டு இன்று இருக்கிறது என்று சொன்னால் மக்கள் எங்களை எப்படி நம்புவார்கள்? சிறுத்தை இன்று வரும், நாளை போகும். அதற்கு ஒரு நிலையான கொள்கை கிடையாது. எங்களுக்கு இருக்கிறது. இந்த நாட்டிலேயே மிக வேகமாகப் பதில் சொல்லும் நிறுவனம் நாங்கள்தான். கேள்வியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் அந்த வேகம் கெட்டுவிடும்."

"அப்ப வேலாயி அக்கா தலைக்கு மேல பாய்ஞ்சது என்னங்க ஐயா?"

"எங்கள் தரவில் இல்லாத ஒன்று. தரவில் இல்லாததற்கு அஞ்சுவதை மூடநம்பிக்கை என்பார்கள்."

தோட்ட மக்களிடையே நிலவும் இந்த மூடநம்பிக்கையைப் போக்குவதற்குத் தானே பத்திரிகையாளர்களோடு ஐந்தாம் மலைக்கு வருவதாகவும் அறிவித்தார்.

சொன்னபடி வந்தார். மலையடிவாரத்தில், கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தட்டுத் தட்டாக இறைச்சிப் பெட்டிஸ் வைத்திருந்தார்கள். பதில் அழிப்புக் குழுவினர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பன் வந்திருந்தார். தக்ஷிகா மடிக்கணினியோடு வந்திருந்தாள். பெண்கள் கொழுந்து லொறிக்குப் பக்கத்தில் நின்றார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அழகுமுத்து சொல்லிப் பார்த்தும் கேட்காமல், பணிப்பாளர் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இந்த மலையைப் பாருங்கள். இங்கே எங்கேனும் ஒரு சிறுத்தையைக் காண்கிறீர்களா?"

"ஆமா" என்றார்கள் பெண்கள்.

பாறையிலிருந்து இறங்கிய சிறுத்தை, பெட்டிஸ் வாசனையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்துகொண்டிருந்தது. படம் பிடிப்பவர்கள் படம் பிடித்தார்கள், பிறகு ஓடினார்கள். பெண்கள் லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். அவர் ஓடவில்லை என்றும், மடுவத்தைப் பார்வையிடும் நிகழ்ச்சியை முன்கூட்டியே தொடங்கினார் என்றும் பிற்பாடு வந்த அறிக்கை கூறுகிறது. குழுவினரும் ராயப்பனும் அதே நிகழ்ச்சியில் அதே வேகத்தில் கலந்துகொண்டார்கள். கடைசியாகத் தக்ஷிகாவை உள்ளே தள்ளிவிட்டு, அழகுமுத்து கதவைச் சாத்தினார்.

வெளியே சிறுத்தை பெட்டிஸ் தட்டுகளை நக்கும் சத்தம் கேட்டது.

"செயலியைக் கேளுங்கள்" என்றார் பணிப்பாளர் மெல்லிய குரலில்.

அழகுமுத்து போனைத் தட்டினார். 'ஐந்தாம் மலை. சிறுத்தை இல்லை. நன்றி.'

லொறியிலிருந்து வேலாயியின் குரல் வந்தது. "ஐயா! இல்லைன்னுதானே சொல்லுது! வெளிய வந்து கூட்டத்த நடத்துங்களேன்!"

"சிறுத்தைக்காக நாங்கள் உள்ளே இல்லை" என்று பணிப்பாளர் தகரச் சுவருக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "மழை வரும் போலிருக்கிறது."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

பதில் அழிப்புக் குழு கொழுந்துச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து அவசரமாகக் கூடியது. பதில் தவறா என்று செயலியைக் கேட்டார்கள். சிறுத்தை இல்லை என்றது. ஆகவே பதில் சரியானது, அழிக்க முடியாது என்று தீர்மானித்தார்கள். நிபுணர் வெளியே போய்ப் பார்த்துச் சொன்னால் மீளாய்வு செய்யலாம் என்றார் ஒருவர்.

"நான்தான் ஏற்கனவே பார்த்துச் சொல்லிட்டேனே" என்றார் ராயப்பன் ஒரு மூலையிலிருந்து. "அன்னைக்கு இல்லை."

தக்ஷிகா தொண்டையைச் செருமினாள். "சார், பதிலை அழிக்கவே வேணாம். மலையோட பேரை மாத்திடுவோம். புதுப் பேருன்னா செயலிக்கு அது புது மலை. மடியில முடிச்சு இருக்காது. கேட்டா ராயப்பன் சாருக்குத்தான் போன் போகும்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெயர் மாற்றுவதற்கு எதிராக எந்த விதியும் இல்லை. தக்ஷிகா '5அ' என்று ஒரு மலையைச் சேர்த்தாள். அழகுமுத்து தட்டினார். கைக்கெட்டும் தூரத்தில் ராயப்பனின் சட்டைப் பை அலறியது.

"ஹலோ, ராயப்பன் பேசுறேன்" என்று எடுத்தார். தகரத்து ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "இருக்கு."

'5அ மலை. சிறுத்தை இருக்கிறது. கவனம்.'

மடுவத்துக்குள் கைதட்டல் எழுந்தது. "பார்த்தீர்களா எங்கள் செயலியின் துல்லியத்தை!" என்றார் பணிப்பாளர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

கைதட்டிய சத்தத்தில் சிறுத்தை மிரண்டு, பாறையைத் தாண்டி மேட்டுக் காட்டுக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பெண்கள் லொறியிலிருந்து இறங்கி, மிச்சமிருந்த நல்ல பெட்டிஸைப் பங்கு போட்டுக்கொண்டு, பேசிச் சிரித்தபடி லயத்துக்கு நடந்தார்கள். தகரத்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அழகுமுத்து கதவைத் திறந்தார்.

"போயிருச்சுங்க ஐயா. வாங்க."

"கேட்டீர்களா?"

"கண்ணால பார்த்தேங்க. காட்டுக்குள்ள போயிருச்சு."

"கேளுங்கள்."

அழகுமுத்து தட்டினார். 'சிறுத்தை இருக்கிறது. கவனம்.'

பணிப்பாளர் மறுபடி சாக்கில் உட்கார்ந்துவிட்டார். குழுவினரும் உட்கார்ந்தார்கள். திறந்த கதவுக்கு வெளியே மலை வெறிச்சோடிக் கிடந்தது. இவ்வளவு துல்லியமான செயலியை மீறி வெளியே போவது தற்கொலைக்குச் சமம் என்று பணிப்பாளர் விளக்கினார். மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தது. ஒருவருக்குத் தலை சுற்றியது. கைவசம் இருந்த பல்வலி மாத்திரையைக் கொடுத்தார்கள். கடைசியில் தக்ஷிகா யாரிடமும் கேட்காமல் '5ஆ' என்று இன்னொரு மலையைச் சேர்த்தாள். ராயப்பனின் பை மறுபடி அலறியது. அவர் கதவு வழியாக எட்டிப் பார்த்து, "இல்லை" என்றார். அதற்குப் பிறகே பணிப்பாளர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

அவர்கள் வாகனங்களில் ஏறிக்கொண்டிருந்தபோது தக்ஷிகா அழகுமுத்துவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, பேரை மாத்தினா புதுசா பார்க்குதுன்னு நீங்களே கண்டீங்க. நாளையிலருந்து எண்ணோட அன்னைக்குத் தேதியையும் சேர்த்து அடிங்க. 'அஞ்சாம் மலை மார்ச் பதினொன்னு'ன்னு. புதுப் பேரு வந்தா அதுவா பதிஞ்சுக்கிற மாதிரி இப்பவே மாத்திட்டேன். ஒவ்வொரு நாளும் அதுக்குப் புது மலைதான்."

"இதுக்கு அனுமதி இருக்கா?"

"கேட்கலை. கேட்டா ஒரு பதில் வரும். அப்புறம் அதையே பிடிச்சுக்குவாங்க."

வேறொரு நாளாக இருந்தால் அழகுமுத்துவுக்கு இந்த இடத்தில் காய்ச்சல் வந்திருக்கும். அவர் வேலாயியின் முழங்காலை நினைத்துக்கொண்டார். மறுநாள் பெரட்டில் நின்று, 'ஐந்தாம் மலை மார்ச் பதினொன்று' என்று அடித்தார். பதில் கண் இமைக்கும் நேரத்தில் வரவில்லை. பெண்கள் வெயில் ஏறும்வரை காத்திருந்தார்கள். ஜீப் வந்தது, ராயப்பன் முணுமுணுத்துக்கொண்டே மலை ஏறினார், மூச்சு வாங்க இறங்கினார். 'சிறுத்தை இருக்கிறது. கவனம்.'

செயலியே சொல்லிவிட்டதால் தொரையால் ஒன்றும் பேச முடியவில்லை. பெண்களை எட்டாம் மலைக்கு அனுப்பினார். எல்லாருக்கும் பேர் விழுந்தது.

"இருக்குன்னு சொல்லிருச்சா!" என்றாள் வேலாயி. "இப்பத்தான் எனக்குப் பயமே வருது தம்பி. ஆனா நிம்மதியா பயப்படலாம்."

அழகுமுத்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைத் தானாகப் போய் நாலு பேரிடம் சொன்னார். தேதி சேர்த்து அடிப்பதைப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிகள் பிடித்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து அதற்கடுத்த தோட்டங்களுக்குப் போனது. ராயப்பன் நுவரெலியாவிலிருந்து வந்து போக முடியாமல் கொட்டகலை பஜாரில் அறை எடுத்துத் தங்கினார். அப்படியும் முடியாமல் அதிகாரசபை இன்னும் சில நிபுணர்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ராயப்பனின் தொப்பை கரைந்தது. சிறுத்தையின் நடையை வைத்தே அது எங்கே போகும் என்று சொல்லப் பழகிவிட்டதாக அவர் பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டார். பெண்கள் அவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்கள்.

வருட முடிவில் அதிகாரசபையின் ஆண்டறிக்கை வெளியானது. பணிப்பாளர் சுந்தரலிங்கம் கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் அதை வாசித்தார்.

"நான் பதவியேற்றபோது எங்கள் பதிவில் இருந்தவை சில நூறு மலைகள். இன்று பல்லாயிரம் மலைகள். ஒவ்வொரு விடியலிலும் புதிய மலைகள் சேர்ந்த வண்ணம் இருக்கின்றன. பிரித்தானியர் ஆண்ட காலம் முழுவதிலும்கூட இந்நாட்டில் ஒரு மலையையேனும் அவர்கள் கூட்டியதில்லை. இதை நாங்கள் எவ்வாறு சாதித்தோம் என்று கேட்கிறார்கள். எனக்கும் தெரியாது. ஆனால் என் காலத்தில்தான் நடந்தது."

அவருக்கு விருது கொடுத்தார்கள். புதிய மலைகளில் தேயிலை நடுவது பற்றி ஆராயும்படி காணி அளக்கும் பிரிவுக்கு உத்தரவு போனது. அங்கிருந்து ஓர் அதிகாரி, அளவைக் கருவிகளோடும் குடையோடும் சவுக்குமலைத் தோட்டத்துக்கு வந்து அழகுமுத்துவைத் தேடிப் பிடித்தார்.

"கங்காணி, ஐந்தாம் மலை மார்ச் பதினொன்று எங்கே இருக்கிறது?"

"அது முடிஞ்சு போச்சுங்க சார்."

"முடிஞ்சதா? மலையா?"

"ஆமாங்க. அன்னைக்குச் சாயங்காலமே முடிஞ்சிருச்சு."

அதிகாரி சரிவை மேலும் கீழும் பார்த்தார். "மார்ச் பன்னிரண்டு?"

"அதுவும் அன்னைக்கே போயிருச்சுங்க."

"அப்படியென்றால் நாளைய மலை? அது எங்கே வரும்?"

அழகுமுத்து கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை நீட்டிக் காட்டினார்.

"இந்த இடத்திலதாங்க வரும். விடிய முன்னாடி வந்தீங்கன்னா வர்றதைப் பார்க்கலாம்."

"பரவாயில்லை" என்றார் அதிகாரி. "வந்ததும் வந்தேன். இங்கேயே இருக்கிறேன்."

அவர் அளவைக் கருவியைச் சரிவைப் பார்த்து நட்டார். குடையை விரித்து அதன் கீழே உட்கார்ந்து, மலை வருவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.